ட்ரியோ, குவார்டெட், ஆக்டெட் புரிகிறது, ஆனால் ஆர்கெஸ்ட்ரா எத்தனை பேரில் தொடங்குகிறது?

தாளந்தப்பி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சின்னக் கேள்விதான், ஆனால் தேடினால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் வாசித்தால் சோலோ, இருவர் டூயோ, மூவர் ட்ரியோ, நால்வர் குவார்டெட், ஐவர் குவின்டெட். இதுவரை குழப்பமில்லை. அதற்கு மேல்? பத்து, பதினைந்து, இருபது பேர் இருந்தால் என்ன பெயர்? எத்தனை பேர் சேர்ந்தால் தைரியமாக "ஆர்கெஸ்ட்ரா" என்று போட்டுக்கொள்ளலாம்? நான் வயலின் வாசிக்கும் குழுவில் இப்போது 11 பேர். என்ன பெயர் வைப்பது என்று கேட்டால் ஒருவர் என்செம்பிள் என்கிறார், ஒருவர் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்கிறார், இன்னொருவர் பேண்ட் என்றே வைத்துவிடலாம் என்கிறார். இதற்கு ஏதாவது விதி உண்டா?

எண்கணக்கு எழுதியது:

உண்டு. ஆறு செக்ஸ்டெட், ஏழு செப்டெட், எட்டு ஆக்டெட், ஒன்பது நானெட், பத்து டெசெட். பத்துக்குப் பிரெஞ்சில் டிக்ஸ்டுவர் என்பார்கள், இசையமைப்பாளர் எனெஸ்கு 1906இல் பத்துக் காற்றுக்கருவிகளுக்கு எழுதிய படைப்புக்கு அதுதான் பெயர். 11க்கும் 12க்கும் அகராதியில் சொல் இருக்கிறது, வாயில் யாருக்கும் இல்லை. ஆக, 10 வரை எண், அதற்கு மேல் என்செம்பிள், 20 தாண்டினால் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, 60 தாண்டினால் முழு ஆர்கெஸ்ட்ரா. விஷயம் முடிந்தது.

செல்லோக்காரர் எழுதியது:

முடியவில்லை நண்பரே, இப்போதுதான் ஆரம்பிக்கிறது. ஒன்பது பத்து வரை நீங்கள் கொடுத்த பெயர்கள் சரி. ஆனால் அவற்றை ஆள் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் சீக்கிரமே எங்காவது முட்டிக்கொள்வீர்கள். அந்த எண், மேடையில் இருக்கும் தலைகளின் எண் அல்ல, தனித்தனியாக எழுதப்பட்ட பார்ட்டுகளின், அதாவது இசை வரிகளின், எண். பார்ட்டுக்கு ஒருவர் என்று இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகவே வரும் என்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. ஒரே பார்ட்டை இரண்டாவது ஆளும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கும் இடத்தில்தான் குவார்டெட் குடும்பம் முடிந்து ஆர்கெஸ்ட்ரா குடும்பம் தொடங்குகிறது. அது பத்துப் பேரிலேயே நடக்கலாம், இருபது பேர் இருந்தும் நடக்காமல் போகலாம்.

எண்கணக்கு எழுதியது:

அப்படியானால் ட்ரியோ சொனாட்டா? பெயரில் மூன்று, மேடையில் நான்கு பேர். கொரெல்லி எழுதியதை எந்தக் குழு வாசித்தாலும் பெரும்பாலும் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெயரே தப்பு என்றுதானே அர்த்தம்?

செல்லோக்காரர் எழுதியது:

நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ட்ரியோ சொனாட்டாவில் எழுதப்பட்டிருப்பது மூன்று வரிகள்: மேலே இரண்டு மெலடி, கீழே ஒரு பேஸ் வரி. அந்தப் பேஸ் வரியை செல்லோவோ வயோலா ட காம்பாவோ அப்படியே வாசிக்கும். அதே தாளைப் பார்த்து ஹார்ப்ஸிகார்டோ ஆர்கனோ அந்தச் சுரங்களுக்கு மேல் கார்டுகளை நிரப்பும். வரி ஒன்று, ஆள் இரண்டு. ஆகவே பார்ட் மூன்று, மனிதர்கள் நான்கு.

இன்னும் வேடிக்கை என்னவென்றால், பாக் ஆர்கனுக்காக ஆறு ட்ரியோ சொனாட்டாக்கள் எழுதியிருக்கிறார். அவற்றை வாசிப்பது ஒரே ஆள். வலது கைக்கு ஒரு வரி, இடது கைக்கு ஒரு வரி, கால்களுக்கு ஒரு வரி. மூன்று வரிகளும் ஒன்றையொன்று சாராமல் ஓடும், ஆர்கன் கற்பவர்கள் இன்றும் அதில்தான் வியர்த்துக் கொட்டுகிறார்கள். நான்கு பேர் வாசித்தாலும் ட்ரியோ, ஒருவர் வாசித்தாலும் ட்ரியோ. தலையை எண்ணினால் இதற்குக் கணக்கு வராது.

பழையரேடியோ எழுதியது:

ட்ரியோ என்றதும் இன்னொன்று. சிம்ஃபொனிகளில் மினுவெட் என்கிற நடன வகைப் பகுதியின் நடுவே "ட்ரியோ" என்று ஒரு பகுதி வரும், கேட்டால் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வாசித்துக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் அந்த நடுப்பகுதியை மூன்று கருவிகளுக்கு மட்டும் எழுதும் வழக்கம் இருந்தது. வழக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சூஸாவின் மார்ச்சுகள் (அணிவகுப்பு இசை) வரை அந்தப் பெயர் வந்திருக்கிறது.

நீலக்குயில்42 எழுதியது:

எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம், கேட்க வெட்கம். பியானோ குவார்டெட் என்றால் நான்கு பியானோ இல்லையா??

செல்லோக்காரர் எழுதியது:

இல்லை :) நான்கு பியானோவை ஒரே மேடையில் ஏற்றுவதும் நடக்கும், ஆனால் அது அபூர்வம். பியானோ குவார்டெட் என்றால் பியானோ, வயலின், வயோலா, செல்லோ. பியானோ ட்ரியோ என்றால் பியானோ, வயலின், செல்லோ. அதாவது தந்திக் குழுவுக்குள் வந்து சேர்ந்த வெளியாளின் பெயர் முன்னால் நிற்கிறது. பிராம்ஸ் 1891இல் எழுதிய கிளாரினெட் குவின்டெட்டில் கிளாரினெட் ஒன்றுதான், கூட ஒரு முழு ஸ்ட்ரிங் குவார்டெட். ஆனால் ஸ்ட்ரிங் குவார்டெட் என்றால் மட்டும் நான்கும் தந்திக் கருவிகளே: இரண்டு வயலின், வயோலா, செல்லோ. இது ஹைடன் காலத்திலிருந்து உறைந்துபோன அமைப்பு, இதை மட்டும் விளக்கவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்வார்கள்.

குவின்டெட்டுக்கு வந்தால் அந்த உறுதி போய்விடும். மொஸார்ட்டின் ஸ்ட்ரிங் குவின்டெட்டுகளில் ஐந்தாவது ஆள் இரண்டாவது வயோலா. ஷூபெர்ட் 1828இல் எழுதிய சி மேஜர் குவின்டெட்டில் ஐந்தாவது ஆள் இரண்டாவது செல்லோ. அதே ஷூபெர்ட்டின் ட்ரௌட் குவின்டெட்டில் பியானோவோடு டபுள் பாஸ் வந்து உட்காரும், இரண்டாவது வயலின் காணாமல் போகும். பெயர் ஒன்றுதான், தாளை வாங்கிய பிறகுதான் யாரைக் கூப்பிடவேண்டும் என்று தெரியும்.

ஊதுகுழல் எழுதியது:

எங்கள் பக்கமும் அதே கதை. விண்ட் குவின்டெட் என்றால் ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், அப்புறம் ஹார்ன். ஹார்ன் பித்தளைக் கருவி, ஆனாலும் மரக் கருவிகளோடு குடித்தனம் நடத்துகிறது. அதே ஹார்னை பிராஸ் குவின்டெட்டிலும் பார்க்கலாம்: இரண்டு ட்ரம்பெட், ஹார்ன், ட்ராம்போன், ட்யூபா. ஹார்ன்காரர்களுக்கு எப்போதும் வேலை உண்டு.

எட்டுக் காற்றுக்கருவிகள் சேர்ந்த குழுவுக்கு எண் இல்லாத பெயர் ஒன்று இருந்தது, ஹார்மோனி. 1782இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் வியன்னாவில் தனக்கென ஒன்று அமர்த்தினார்: ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன், ஒவ்வொன்றிலும் இரண்டு. அதைப் பார்த்து மற்ற பிரபுக்களும் தொடங்கினார்கள். அந்தக் காலத்து ஆபெராக்களின் பாட்டுகளையெல்லாம் இந்த எட்டுப் பேருக்காக மாற்றி எழுதி வாசித்திருக்கிறார்கள்.

ஜாஸ்பைத்தியம் எழுதியது:

ஐயா எல்லோரும் பழைய ஐரோப்பாவிலேயே நிற்கிறீர்கள். ஜாஸ் பக்கம் வாருங்கள், உங்கள் எண் எப்படிப் பொய்யாகிறது என்று காட்டுகிறேன். ஆர்ட்டி ஷா 1940இல் "கிராமர்சி ஃபைவ்" என்று ஒரு குழு வைத்தார், அதில் ஆறு பேர். தலைவரைச் சேர்க்காமல் எண்ணினால்தான் ஐந்து வரும். பிற்பாடு ராக் உலகில் "பென் ஃபோல்ட்ஸ் ஃபைவ்" என்று ஒன்று வந்தது, அதில் மூன்றே பேர், ஓசை நன்றாக இருக்கிறது என்று வைத்ததாகச் சொல்வார்கள்.

ட்ரியோவிலும் ஒரே வார்ப்பு கிடையாது. பியானோ, பாஸ், ட்ரம்ஸ் என்பது இன்று வழக்கம். பென்னி குட்மன் 1935இல் நடத்திய ட்ரியோவில் கிளாரினெட், பியானோ, ட்ரம்ஸ், பாஸே கிடையாது. அந்த வேலையைப் பியானோக்காரர் டெடி வில்சனின் இடது கை பார்த்துக்கொண்டது. அடுத்த வருடம் லயனல் ஹாம்ப்டன் வைப்ராஃபோனோடு வந்ததும் குவார்டெட். ஆர்கன் ட்ரியோவிலும் பாஸ்காரர் இல்லை, ஆர்கன் வாசிப்பவரே காலாலும் இடது கையாலும் பாஸை ஓட்டிவிடுவார். ஆக நான்கு வரி, மூன்று ஆள். செல்லோக்காரர் விதிப்படி அது குவார்டெட் ஆகவேண்டும், யாரும் அப்படிச் சொல்வதில்லையே!

செல்லோக்காரர் எழுதியது:

நல்ல அடி. ஜாஸில் எழுதிய பார்ட் என்பதே பாதி நேரம் கிடையாது, அதனால் அங்கே ஆளை எண்ணுகிறார்கள், அதைவிட முக்கியமாகத் தலைவரின் பெயரை ஒட்ட ஒரு வால் தேவைப்படுகிறது. இன்னார் குவார்டெட், இன்னார் குவின்டெட் என்று. அடுத்த வருடம் ஆட்கள் மாறினால் வால் மாறும், தலை மாறாது.

ஜாஸ்பைத்தியம் எழுதியது:

அதேதான். வாலை முடிவு செய்வது பல சமயம் சம்பளக் கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய குழுவைக் கட்டி மேய்க்கமுடியாமல் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கவுண்ட் பேஸியே 1950இல் சிறிய குழுவுக்கு இறங்கி, 1952இல்தான் மறுபடி பெரிய குழு சேர்த்தார். எட்டு ஒன்பது பேர் வரை காம்போ என்று பொதுவாகச் சொல்வார்கள், அப்புறம் ஒரு பெரிய இடைவெளி, அப்புறம் 17 பேர் சேர்ந்த பிக் பேண்ட்: 5 சாக்ஸஃபோன், 4 ட்ரம்பெட், 4 ட்ராம்போன், மீதி 4 பேர் பியானோ, கிடார், பாஸ், ட்ரம்ஸ். இடைவெளியில் வாழ்ந்தவர்கள் குறைவு. மைல்ஸ் டேவிஸின் 1949-50 நானெட் அதில் ஒன்று, அதற்கு ட்யூபாவும் ஹார்னும் எதற்கு என்றால், பெரிய குழுவின் நிறத்தை எத்தனை குறைந்த ஆட்களில் கொண்டுவரமுடியும் என்று பார்த்ததன் விளைவு.

இப்போது என் கேள்வி. பிக் பேண்டில் 17 பேருக்கும் தனித்தனிப் பார்ட். நான்கு ட்ரம்பெட்டும் நான்கு வெவ்வேறு சுரங்கள். இரட்டிப்பே இல்லை. ஆனாலும் யாரும் அதைக் காம்போவின் பெரியண்ணன் என்று சொல்வதில்லை, "டியூக் எலிங்டன் அண்ட் ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா" என்றே போட்டுக்கொண்டார்கள். உங்கள் கோடு எங்கே போயிற்று?

எண்கணக்கு எழுதியது:

கூடவே இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1945இல் முடித்த மெட்டமார்ஃபோஸன். 10 வயலின், 5 வயோலா, 5 செல்லோ, 3 டபுள் பாஸ், 23 பேருக்கும் 23 தனிப் பார்ட். செல்லோக்காரர் சொல்வதுபோல் பார்த்தால் அது ஒரு 23-டெட். யாராவது அப்படிச் சொல்வார்களா?

செல்லோக்காரர் எழுதியது:

சொல்லமாட்டார்கள். ஆனால் ஸ்ட்ராஸ் என்ன எழுதினார் பாருங்கள்: "23 தனித் தந்திக் கருவிகளுக்கு". ஆர்கெஸ்ட்ராவுக்கு என்று எழுதவில்லை. நான் போட்ட கோடு அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் "தனி" என்ற சொல்லை மெனக்கெட்டுப் போட்டார். ஷோன்பெர்க் 1906இல் 15 பேருக்குச் சேம்பர் சிம்ஃபொனி எழுதியபோதும் தனிக் கருவிகள் என்றே குறித்தார்.

பிக் பேண்ட் பற்றி ஒத்துக்கொள்கிறேன், அங்கே கோடு கிழிகிறது. எனக்குத் தோன்றுவது, அங்கே பிரிவுதான் அலகு. ஐந்து சாக்ஸும் ஐந்து சுரம் வாசித்தாலும் ஒரே மூச்சில், ஒரே உச்சரிப்பில், முதல் ஆள்டோ சாக்ஸ்காரர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லவேண்டும். ஒருவர் தன் இஷ்டத்துக்கு நீட்டினால் பிரிவே குலைந்துபோகும். குவார்டெட்டில் நான் நீட்டினால் அது என் கருத்து, மற்ற மூவரும் அதற்குப் பதில் சொல்வார்கள். இந்த வித்தியாசம்தான் காதுக்குத் தெரிவது, எண் அல்ல.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், எட்டுப் பேர். மெண்டல்சோன் 16 வயதில், 1825இல், ஆக்டெட் எழுதினார்: 4 வயலின், 2 வயோலா, 2 செல்லோ. அதை சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவின் பாணியில் எல்லோரும் வாசிக்கவேண்டும், மெல்லிய இடங்களையும் (பியானோ) உரத்த இடங்களையும் (ஃபோர்ட்டே) கண்டிப்பாகக் காட்டவேண்டும் என்று தாளிலேயே சொல்லியிருக்கிறார். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஷ்போர், அதே எட்டுக் கருவிகளை வைத்துக்கொண்டு "டபுள் குவார்டெட்" என்று நான்கு படைப்புகள் எழுதினார். அவரிடம் எட்டுப் பேர் ஒரு குழு இல்லை, எதிரெதிரே இரண்டு குவார்டெட்டுகள், மாறி மாறிப் பேசும். ஒரே எட்டுப் பேர், ஒரே நாற்காலிகள், பெயர் வேறு, ஏனென்றால் உட்கார்ந்து செய்யும் வேலை வேறு.

கோரஸில்கடைசி எழுதியது:

பாடுகிறவர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். எங்கள் உலகில் இந்தச் சண்டை நாற்பது வருடத்துக்கு மேலாக நடக்கிறது, அதுவும் பாக் பெயரில். 1981இல் இசை ஆய்வாளர் ஜோஷுவா ரிஃப்கின் ஒரு வாதம் வைத்தார்: பாக்கின் கோரஸ் பகுதிகளைப் பெரும்பாலும் பார்ட்டுக்கு ஒரே பாடகர்தான் பாடினார், நாம் நினைக்கிற பெரிய கொயர் (பாடகர் கூட்டம்) அங்கே இல்லை என்று. பி மைனர் மாஸை அந்த முறையிலேயே பதிவும் செய்தார். அவ்வளவுதான், கொயர் உலகம் ரெண்டு பட்டது. எதிர்த்தவர்கள் கையில் எடுத்தது 1730இல் பாக்கே லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிய மனு. ஒவ்வொரு கொயரிலும் குரலுக்கு மூன்று பேராவது, ஆக 12 பேர் வேண்டும், 16 இருந்தால் இன்னும் நல்லது என்று அதில் இருக்கிறது. ரிஃப்கின் தரப்பு, அது ஆட்களைக் கையிருப்பில் வைத்திருக்கக் கேட்ட எண்ணிக்கை, ஒரே நேரத்தில் பாடியவர்கள் எண்ணிக்கை அல்ல என்றது. மிஞ்சியிருக்கும் தாள்களில் குரலுக்கு ஒரு பிரதிதான் பெரும்பாலும் இருக்கிறது, ஒரு தாளை மூவர் பார்த்துப் பாடினார்களா என்பதில் வந்து சண்டை நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது, செல்லோக்காரரின் கோட்டைத் தாண்டுவதா வேண்டாமா என்பதுதான் முழுச் சண்டையுமே. நான்கு பேர் பாடினால் அது வோக்கல் குவார்டெட், பன்னிரண்டு பேர் பாடினால் கொயர், தாள் மட்டும் ஒன்றே.

அப்புறம் டாலிஸின் 40 குரல் மோடெட் (தேவாலயப் பாடல்) தெரியும்தானே? ஐந்தைந்து குரலாக எட்டு கொயர்கள், நாற்பது பேருக்கும் தனி வரி. அங்கே கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளவே முடியாது, என்னைப் போன்றவர்கள் தள்ளியே நிற்பது நல்லது.

பழையரேடியோ எழுதியது:

ஆர்கெஸ்ட்ரா எங்கே தொடங்கியது என்ற கேள்விக்கு வரலாற்றிலும் ஒரு பதில் உண்டு. பிரெஞ்சு அரசவையில் "மன்னரின் 24 வயலின்கள்" என்று ஒரு குழு இருந்தது, பதின்மூன்றாம் லூயி 1626இல் முறையாக அமைத்தது. வயலின் குடும்பத்துக் கருவிகள்தான் எல்லாம், ஐந்து பார்ட்டுகள்: உச்சிக்கு 6 பேர், அடியில் பேஸுக்கு 6 பேர், நடு மூன்று வரிகளுக்கும் நாலு நாலு பேர். பெயரில் 24 இருந்தாலும் இசை ஐந்து பார்ட்தான். நிரந்தரமாக, சம்பளத்துக்கு, பார்ட்டுக்குப் பலர் என்று வாசித்த முதல் குழுக்களில் அது ஒன்று என்பதால்தான் ஆர்கெஸ்ட்ராவின் கதையை அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

அப்புறம் ஃபில்ஹார்மோனிக்கா சிம்ஃபொனியா என்று இங்கே யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அளவில் ஒரு வித்தியாசமும் இல்லை. லண்டனில் 1813இல் ஃபில்ஹார்மோனிக் சொசைட்டி தொடங்கியதுபோல இசை ஆர்வலர்கள் சங்கம் வைத்துக் கச்சேரி நடத்திய காலத்து வழக்கம் அது. வியன்னா ஃபில்ஹார்மோனிக், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இரண்டும் 1842. ஒரே ஊரில் இரண்டு குழு இருந்தால் ஒன்று அந்தப் பெயரையும் மற்றது இந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளும், வியன்னாவிலேயே இரண்டும் இருக்கின்றன. இரண்டு பேரும் ஏறத்தாழ அதே சிம்ஃபொனிகளை அதே அளவு ஆட்களோடு வாசிப்பார்கள்.

சின்ஃபோனியெட்டா என்றால் சின்ன ஆர்கெஸ்ட்ரா. ஆனால் யானாசெக் 1926இல் எழுதிய சின்ஃபோனியெட்டாவை மேடையேற்ற ட்ரம்பெட்டே 12 வேண்டும். ஏனென்றால் அவர் படைப்பின் நீளத்தைச் சொல்கிறார், குழுவின் அகலத்தை அல்ல. பெயரைப் பார்த்துச் சின்ன மேடை பிடித்தால் தொலைந்தீர்கள்.

தாளந்தப்பி எழுதியது:

தலை சுற்றுகிறது, ஆனால் நிறுத்தாதீர்கள். ஒன்று கேட்கிறேன், கண்டக்டர் இருந்தால் ஆர்கெஸ்ட்ரா, இல்லாவிட்டால் சேம்பர் மியூசிக் (சின்னக் குழு இசை) என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். அது எளிதான விதியாக இருக்கிறதே?

செல்லோக்காரர் எழுதியது:

எளிது, ஆனால் நிற்காது. மாஸ்கோவில் 1922இல் பெர்சிம்ஃபான்ஸ் என்று முழு அளவு ஆர்கெஸ்ட்ரா ஒன்று கண்டக்டரே இல்லாமல் தொடங்கி அந்தப் பத்தாண்டு முழுக்க வாசித்தது. ஒருவரை ஒருவர் பார்க்கும்படி வட்டமாக உட்காருவார்கள், சிலர் அரங்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நியூயார்க்கில் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா 1972 முதல் அப்படித்தான். மறுபக்கம், ஷோன்பெர்க்கின் பியரோ லூனேர் 1912இல் அரங்கேறியபோது வாசித்தவர்கள் ஐந்து பேர், குரல் ஒன்று, ஆனாலும் ஷோன்பெர்க் நின்று நடத்தினார். இசை சிக்கலாக இருந்தால் ஐந்து பேருக்கும் கண்டக்டர் தேவைப்படும்.

எண்கணக்கு எழுதியது:

பியரோவை நீங்களே இழுத்தீர்கள். அந்த ஐந்து பேர் வாசிப்பது எட்டுக் கருவிகள். ஃப்ளூட்காரர் பிக்கலோவும் எடுப்பார், கிளாரினெட்காரர் பாஸ் கிளாரினெட்டும், வயலின்காரர் வயோலாவும். இதைக் குவின்டெட் என்பதா ஆக்டெட் என்பதா?

செல்லோக்காரர் எழுதியது:

இரண்டும் இல்லை, "பியரோ என்செம்பிள்" என்கிறார்கள்! ஃப்ளூட், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ என்ற அந்தக் கலவை பிறகு அத்தனை பேருக்குப் பிடித்துப்போய், ஒரு படைப்பின் பெயரே குழு வகைக்குப் பெயராகிவிட்டது. எண்ணிப் பெயர் வைப்பது ஒத்துவராதபோது ஆட்கள் இப்படி வேறு வழி கண்டுபிடித்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 1600 வாக்கில் வயோல் என்ற பழைய வில் கருவியை வாசித்தவர்கள் "ஒரு பெட்டி வயோல்" என்றே சொன்னார்கள், சின்னது இரண்டு, நடுத்தரம் இரண்டு, பெரியது இரண்டு, எல்லாம் ஒரே பெட்டியில் வைத்திருப்பது. அதில் வாசிக்கும் குழு கன்ஸார்ட். ஒரே குடும்பக் கருவிகளாக இல்லாமல் கலந்து வந்தால் அதை இன்று புரோக்கன் கன்ஸார்ட் என்கிறோம். தாமஸ் மோர்லி 1599இல் அச்சிட்ட தொகுப்பு அப்படி ஆறு கருவிகளுக்கு: லூட், பண்டோரா, சிட்டர்ன் என்ற மூன்று மீட்டும் கருவிகள், ஃப்ளூட், சின்ன வயோல், பெரிய வயோல். செக்ஸ்டெட் என்று அவர் சொல்லவில்லை.

நீலக்குயில்42 எழுதியது:

எண் வைத்துப் பெயர் சொல்வது மேற்கத்திய வழக்கம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். தாய்லாந்தின் பிபாட் குழுவில் மூன்று அளவு உண்டு: ஐந்து கருவிக் குழு, ஜோடிக் குழு, பெரிய குழு. ஐந்து கருவிக் குழு என்று பெயர், ஆனால் வழக்கமான அமைப்பில் ரனாட் ஏக் (மரக் கட்டைகளைத் தட்டும் கருவி), கோங் வோங் (வட்டமாக வைத்த கோங்குகள்), பி (ஊதுகருவி), இரண்டு வகை முரசு, அத்தோடு ச்சிங் என்கிற சின்னத் தாளமும் சேர்ந்து ஆறாகிவிடும். ஜோடிக் குழுவில் மெலடிக் கருவிகளுக்கு ஒவ்வொரு துணை சேரும், பெரிய குழுவில் உலோகத் தகடு வைத்த ரனாட்டுகள் இரண்டு வந்துசேரும். கேரளத்தின் பஞ்சவாத்தியத்திலும் ஐந்து என்பது கருவி வகையின் எண்: திமிலை, மத்தளம், இடைக்கா, இலத்தாளம், கொம்பு. வாசிக்க நிற்பவர்கள் பல பத்துப் பேர்.

செல்லோக்காரர் எழுதியது:

அருமை. அப்படியானால் எண்ண மூன்று விஷயம் இருக்கிறது: ஆள், பார்ட், கருவி வகை. ஒவ்வொரு மரபும் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது.

ஊதுகுழல் எழுதியது:

காற்றுக்கருவிக்காரர்கள் செல்லோக்காரரின் கோட்டைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். கான்ஸர்ட் பேண்ட் என்றால் கிளாரினெட் பார்ட் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து ஊதுவார்கள், மொத்தம் எண்பது தொண்ணூறு பேர்கூட இருக்கலாம். ஃபிரெடெரிக் ஃபென்னல் 1952இல் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் விண்ட் என்செம்பிள் தொடங்கியதன் நோக்கமே பார்ட்டுக்கு ஒருவர் என்பதுதான். கருவிகள் கிட்டத்தட்ட அதே, ஒலி முற்றிலும் வேறு, தெளிவாகக் கண்ணாடிபோல இருக்கும், தப்பு செய்தால் அதுவும் அப்படியே தெரியும். இன்று பல இடங்களில் விண்ட் என்செம்பிள் என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்டு பார்ட்டுக்கு மூன்று பேர் உட்காருகிறார்கள், எனக்கு அதில் கடுப்புதான்.

பிரிட்டிஷ் பாணி பிராஸ் பேண்ட் இதற்கு நேர்மாறு, அங்கே எண் கல்வெட்டு மாதிரி. பித்தளை 25 பேர், கூடவே தாளக் கருவிக்காரர்கள். 10 கார்னெட், 1 ஃப்ளூகல்ஹார்ன், 3 டெனர் ஹார்ன், 2 பாரிடோன், 2 யூஃபோனியம், 3 ட்ராம்போன், 4 ட்யூபா. ட்ரம்பெட்டும் கிடையாது, ஆர்கெஸ்ட்ரா ஹார்னும் கிடையாது. போட்டிகளில் எல்லோரும் ஒரே அளவில் மோதவேண்டும் என்பதால் அது அப்படியே இறுகிவிட்டது. 25 பேர் ஆனாலும் பெயரில் எண் இல்லை பாருங்கள்.

தாளந்தப்பி எழுதியது:

சரி, இப்போது எங்கள் 11 பேரைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். முதல் வயலின் 3, இரண்டாம் வயலின் 3, வயோலா 2, செல்லோ 2, டபுள் பாஸ் 1. பார்ட் ஐந்துதான்.

செல்லோக்காரர் எழுதியது:

அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், அது ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா. சின்னது, ஆனால் ஆர்கெஸ்ட்ராவேதான். சேம்பர் ஆர்கெஸ்ட்ரா என்று போட்டாலும் தப்பில்லை, ஆனால் அதைப் பார்க்கிறவர் ஓரிரு ஓபோ, ஹார்ன் வரும் என்று எதிர்பார்ப்பார். 11ஐ எண்ணிப் பெயர் வைக்காதீர்கள், பார்ட் ஐந்து என்பதால் குவின்டெட் என்றும் வைக்காதீர்கள், அது ஐந்து பேரை எதிர்பார்க்க வைக்கும்.

பெயரைவிட முக்கியமான ஒன்று. வயோலா 2, செல்லோ 2 என்கிறீர்களே, அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான எண். ஒருவர் வாசித்தால் சுருதி அவருடையது, கொஞ்சம் மேலே போனாலும் அது அவர் குரல். மூவர் வாசித்தால் மூன்றும் கலந்து நடுவில் ஒரு சுருதி காதுக்குக் கிடைக்கும், சின்ன வித்தியாசங்கள் ஒலிக்குச் சதை போடும். இருவர் வாசிக்கும்போது மட்டும் வித்தியாசம் அப்படியே அப்பட்டமாக, அதிர்ந்து அதிர்ந்து கேட்கும். ஆர்கெஸ்ட்ராவில் உட்கார்ந்தவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். முடிந்தால் செல்லோவுக்கு மூன்றாவது ஆள் தேடுங்கள். முடியாவிட்டால், மெல்லிய இடங்களில் ஒருவர் மட்டும் வாசித்து மற்றவர் கனமான இடங்களில் சேர்ந்துகொள்ளட்டும்.

பழையரேடியோ எழுதியது:

எதை வாசிப்பது என்று யோசித்தால், பார்பரின் அடாஜியோவை எடுத்துப் பாருங்கள், இந்த இழையில் பேசியதெல்லாம் அந்த ஒரே இசையில் கிடைக்கும். முதலில் 1936 ஸ்ட்ரிங் குவார்டெட்டின் நடுப் பகுதி, 1938இல் டோஸ்கனினி நடத்திய ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா வடிவம், 1967இல் கொயர் வடிவம். மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். குவார்டெட்டில் உச்சியில் அந்த நான்கு பேர் இழுக்க முடியாமல் இழுப்பது கேட்கும், ஆர்கெஸ்ட்ராவில் அந்தச் சிரமம் மறைந்து சுவராக நிற்கும். எனக்குக் குவார்டெட் வடிவம்தான் பிடிக்கும், பெரும்பான்மை என் பக்கம் இல்லை.

தாளந்தப்பி எழுதியது:

நன்றி. ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா என்றே வைக்கச் சொல்கிறேன். அடுத்த மாதம் ஒரு கிளாரினெட்காரர் வருவதாகச் சொல்கிறார், அப்போது மாற்றவேண்டுமா?

செல்லோக்காரர் எழுதியது:

அவர் ஒரு கச்சேரிக்கு மட்டும் வந்து முன்னால் நின்று கான்செர்ட்டோ வாசிக்கப் போகிறார் என்றால் வேண்டாம், பெயருக்குக் கீழே அவர் பெயரைப் போடுங்கள். நிரந்தரமாக உட்காரப் போகிறார் என்றால் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா ஆக்கிவிடுங்கள், கூடவே இரண்டு ஹார்ன்காரர்களையும் தேட ஆரம்பியுங்கள்.

ஊதுகுழல் எழுதியது:

முதலில் இரண்டு ஓபோ. ஹைடன், மொஸார்ட் இளமைக்காலச் சிம்ஃபொனிகள் பலவற்றுக்கு இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன், தந்திகள், அவ்வளவுதான் வேண்டும். கிளாரினெட்காரரிடம் ஓபோ பார்ட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள், அவர் சி கிளாரினெட் வைத்திருந்தாலே ஒழிய ஒவ்வொரு சுரத்தையும் மாற்றி எழுதித் தரவேண்டியிருக்கும்.